ஆசை என்று சொல்லிவிட்ட கைகள்

குடிநீர் வாரியத்தின் பயிற்சி நிலையத்தில் எல்லோரும் அவளைக் "கை மேடம்" என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பறையில் ஆசிரியருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, அவர் வாயால் சொல்வதையெல்லாம் கையால் சொல்வது அவள் உத்தியோகம். நியமன உத்தரவில் சைகை மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருந்தது. அத்தனை நீளத்தை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர் வரைக்கும் கை மேடம்தான்.

அவளுக்கு வேறொரு பெயரும் இருந்தது. அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும். இரண்டு விரலால் காது மடலைப் பிடித்து லேசாக இழுத்துவிட்டால் அது அவள் பெயர். வைத்தவள் அக்கா.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இவள் இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தாள். அப்பாவும் அம்மாவும் நல்லவர்கள்தான், ஆனால் பெரிய மகளிடம் பேசக் கற்றுக்கொள்ளவே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த சைகை மொத்தமே நாலு. சாப்பிடு, குளி, தூங்கு, வாயை மூடு. பேச்சே வராத பிள்ளையிடம் கடைசிச் சைகையை எதற்குக் காட்டினாள் என்பது அம்மாவுக்கே வெளிச்சம். அப்பா வாயை அகலமாகத் திறந்து, கத்திக் கத்திப் பேசுவார். கத்தினால் கேட்டுவிடும் என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசிவரை விட்டுப்போகவில்லை.

ஆகவே வீட்டில் அக்காவுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தவள் தங்கச்சி மட்டும்தான். குழந்தையாக இருந்தபோதே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மொழியைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு அக்கா காது கேளாதோர் பள்ளிக்குப் போக ஆரம்பித்து, அங்கே கற்ற சைகைகளைச் சாயங்காலந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாசலில் யார் வந்தது, அப்பா எதற்கு முணுமுணுக்கிறார், பக்கத்து வீட்டில் என்ன சண்டை, எல்லாவற்றையும் தங்கச்சி கேட்டு வந்து கையில் சொல்ல வேண்டும். டி.வி.யில் யாராவது அழுதால் போதும், அக்கா முழங்கையால் இடிப்பாள். "எதுக்கு அழறா? என்ன சொன்னான் அவன்?" தங்கச்சிக்குத் தொண்டையில் சோறு இறங்கும் முன்னால் கை பதில் சொல்லிவிடும்.

அந்தக் கைப்பழக்கமே பின்னால் அவளுக்குச் சோறு போட்டது. ஆனால் அவள் அந்த வேலையில் சேர்ந்த சமயத்தில் அக்கா பக்கத்தில் இல்லை. காது கேளாதோர் சதுரங்கப் போட்டிக்கென்று தூரதேசத்திலிருந்து வந்திருந்த ஒருவரை அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. அவருக்கும் காது கேட்காது. மரச்சாமான்களுக்கு மெருகு பூசுகிறவர். கண்ணை மூடித் திறப்பதற்குள் கல்யாணம் முடிந்து, அக்கா கடல் தாண்டிப் போய்விட்டாள். விமான நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தும் பேசிக்கொண்டே போனாள். சத்தமாகப் பேசுகிற மற்றவர்கள் எல்லாம் கண்ணாடியோடு வாயடைத்து நிற்க, இவர்கள் இருவரும் மட்டும் தடையில்லாமல் பேசினார்கள். அக்கா மூலை திரும்புகிற வரைக்கும் பேச்சு இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள்தான். இங்கே ஞாயிறு காலை, அக்காவுக்கு அது சனிக்கிழமை சாயங்காலம். கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்காருவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அந்த நேரத்தில் அடுப்படிப் பக்கமே வரமாட்டான். குறுக்கே வந்தால் இருவர் பேச்சும் அறுந்துபோகும் என்று அவனுக்குத் தெரியும்.

சைகை மொழி உலகமெங்கும் ஒன்றுதான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு அது வேறு வேறு. அக்காவின் கை மெல்ல மெல்ல அந்த நாட்டுக் கையாகிக்கொண்டிருந்தது. முதலில் "ரொட்டி" மாறியது. அப்புறம் "நாளைக்கு" மாறியது. "பரவாயில்லை" என்பதற்கு நெஞ்சில் தட்டுகிறவள், இப்போது தாடையை எதற்கோ தடவினாள். தங்கச்சி புருவத்தைச் சுருக்கினால் அக்கா பழைய சைகையைத் தேடிப் பிடித்துச் சொல்வாள். தேடுகிற அந்த நேரம் வருஷத்துக்கு வருஷம் நீண்டது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை.

"எப்ப வர்ற?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள்.

"பார்ப்போம்" என்று அக்கா காட்டுவாள். அந்தச் சைகை மட்டும் மாறவே இல்லை.

பயிற்சி நிலையம் வடிகட்டும் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்த இரண்டு மாடிக் கட்டடம். படிக்கட்டு ஏறும்போதே குளோரின் வாடை மூக்கில் ஏறும். தண்ணீர்ப் பரிசோதனைக்கூட உதவியாளர் வேலைக்கு அங்கே ஆள் தயார்செய்தார்கள். அந்த வருஷத்து வகுப்பில் மூன்று பேர் காது கேளாதவர்கள். ஒருத்தி தையல்காரி. துணி ஆலை மூடியதும் வேறு தொழில் தேடி வந்தவள், வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொருவன் நெட்டையாக இருந்ததால் "ஒட்டகம்". மூன்றாமவன் பெயர் "சத்தம்". நாற்காலியை அவன் இழுத்துப் போடும் சத்தத்தில் கட்டடமே அதிரும், அவனுக்கு மட்டும் தெரியாது. மற்ற மாணவர்கள் சொல்லித்தான் பெயரின் காரணத்தை அறிந்தான், ஆனாலும் அதை அவன் பட்டமாகவே ஏற்றுக்கொண்டான்.

வேதியியல் ஆசிரியருக்கு அந்த மூவரும் வைத்த பெயர் "முதுகு". மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் சாக்பீஸைக் கையில் எடுத்தால் கரும்பலகையோடுதான் பேச்சு. திரும்பவே மாட்டார். தலையில் முடி இல்லாத அந்தச் சின்ன வயசுக்காரரின் பின்மண்டையைத்தான் வகுப்பு பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சோ குதிரை வேகம். பாடக் குறிப்பை முன்கூட்டியே கொடுங்கள் சார் என்று கை மேடம் பலமுறை கேட்டும், வகுப்புக்குள் நுழையும்போதுதான் தாளை நீட்டுவார்.

அன்றைக்கு நீட்டிய தாளில் "முனைவுள்ள சகப்பிணைப்பு" என்று இருந்தது. கீழே "எலக்ட்ரான் கவர்தன்மை". அவள் பள்ளியில் வணிகவியல் படித்தவள். இரண்டு சொல்லிலும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சைகை மொழியில் அவற்றுக்குச் சொல்லே இல்லை. எழுத்தெழுத்தாக விரலால் காட்டிவிட்டு, அர்த்தத்தை அவளேதான் உண்டாக்க வேண்டும். ஆசிரியர் அதற்குள் மூன்றாவது வரிக்குப் போய்விட்டார்.

கவர்தன்மை. கவர்வது. ஈர்ப்பது. அவள் கை தானாக ஒரு சைகையைப் போட்டது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கியபடி நெஞ்சை நோக்கி இழுப்பது. ஆசை. சின்ன வயதில் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அக்கா அடிக்கடி போட்ட சைகை. ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான்மேல் ஆசை என்றாள். ஹைட்ரஜனுக்கு அத்தனை ஆசை இல்லை. ஆகவே ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது என்றாள். மூன்று பேரும் தலையாட்டினார்கள். தையல்காரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். பாடம் நன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற திருப்தியில் அவள் கையைக் கீழே இறக்கினாள்.

தேர்வு முடிந்து இரண்டு நாளில் ஆசிரியர் அவளை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார். மேசைமேல் மூன்று விடைத்தாள்கள் விரித்துக் கிடந்தன.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இவங்க மூணு பேரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்காங்களா?"

"அப்படிப்பட்டவங்க இல்ல சார். ஏன்?"

"மூணு பேரும் ஒரே தப்பு. தண்ணி மூலக்கூறுல ஹைட்ரஜன்கிட்ட எலக்ட்ரானே இல்லையாம். ஆக்சிஜன் மொத்தமா எடுத்துக்கிச்சாம். காரணம் என்னன்னு கேட்டா, ஆக்சிஜனுக்கு ஆசையாம்! பாருங்க, மூணுலயும் அதே வார்த்தை. ஆசை."

அவள் மூன்று தாள்களையும் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "அது அவங்க தப்பு இல்ல சார். நான்தான் அப்படிச் சொன்னேன்."

ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா?"

"எனக்கே புரியல சார். புரியாததை எப்படிக் கையில சொல்றது? நீங்க போற வேகத்துல நிறுத்திக் கேக்கவும் முடியல. அதுக்காக அவங்க மார்க்கைக் குறைச்சிடாதீங்க."

தன் வேகத்தைப் பற்றி அவரிடம் யாரும் இப்படி முகத்துக்கு நேரே சொன்னதில்லை போலிருக்கிறது. அப்புறம் முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார்.

"ரெண்டு அணு சேர்ந்து ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்குது. அதுதான் சகப்பிணைப்பு. ரெண்டும் ஒரே மாதிரி அணுன்னா, இப்போ ரெண்டு ஹைட்ரஜன்னு வையுங்க, ஜோடி சரியா நடுவுல இருக்கும். இங்க ஒரு பக்கம் ஆக்சிஜன். பங்குக்கு வந்த ஜோடியைத் தன் பக்கம் இழுக்குற திறன் அதுக்கு ஜாஸ்தி. அந்தத் திறனுக்குத்தான் கவர்தன்மைன்னு பேரு. ஜோடி ஆக்சிஜன் பக்கமா ஒதுங்கிடும். ஆனா ஹைட்ரஜன் கையை விடல. பங்கு பங்குதான்."

"அப்போ யாரும் எடுத்துக்கல?"

"எடுத்துக்கிட்டா அது வேற கதை. சமையல் உப்புல சோடியம் கொடுத்தாச்சு, குளோரின் வாங்கியாச்சு. தண்ணியில அப்படி இல்ல. ஆக்சிஜன் பக்கம் லேசா எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் லேசா நேர்மின். லேசா மேடம். அந்த லேசாங்கறதுதான் பாடமே."

"இழுக்குதுன்னா ஆசைதானே சார்?"

"அணுவுக்கு ஆசை, பாசம் எதுவும் கிடையாது. மையத்துல இருக்குற நேர்மின்னும், அதுக்கு எலக்ட்ரான் எவ்வளவு கிட்ட இருக்குங்கறதும் சேர்ந்து இழுக்குது. அவ்வளவுதான். உங்ககிட்ட சீப்பு இருக்கா? எனக்கு அந்தச் சாமானுக்கு அவசியம் இல்லாமப் போயிடுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் சீப்பை எடுத்துக் கொடுத்தாள். தலையை வாரச் சொன்னார். வாரினாள். குழாயை நூல்போல ஒழுக விட்டு, வாரிய சீப்பை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். நேராக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் வளைந்து சீப்பின் பக்கம் வந்தது. சீப்பை விலக்கியதும் பழையபடி நேரானது. அவள் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தாள்.

"மூலக்கூறோட ஒரு பக்கம் லேசா எதிர்மின், மறுபக்கம் லேசா நேர்மின்னு சொன்னேனில்ல? சமமாப் பங்கு போட்டிருந்தா தண்ணி இப்படி வளையாது" என்றார் ஆசிரியர். "அடுத்த வாரம் மறுதேர்வு வைக்கிறேன். அவங்களுக்கு நீங்களே திரும்பச் சொல்லிடுங்க. இனிமே குறிப்பை முன்னாடியே கொடுத்துடறேன்."

பேருந்தில் போகும்போது அவளுக்கு ஒரே யோசனை. சொன்னது புரிந்துவிட்டது, ஆனால் கை வரவில்லை. ஆசை கூடாது. எடுப்பது கூடாது. பாதி பாதியும் கூடாது. இருவருக்கும் சொந்தமான ஒன்று ஒருவர் பக்கம் ஒதுங்கியிருப்பதை எப்படிக் காட்டுவது? பக்கத்து இருக்கைக்காரர், காற்றில் கையை இழுப்பதும் விடுவதுமாக இருந்த அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் அவளுக்குப் போர்வை ஞாபகம் வந்தது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் மூவரையும் நிறுத்திவைத்து, தப்பு தன்னுடையது என்று முதலில் சொன்னாள். ஒட்டகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுவதுபோல நடித்தான். பிறகு அவள் கையால் சொன்னாள்: "சின்ன வயசுல எனக்கும் எங்க அக்காவுக்கும் சேர்த்து ஒரே போர்வை. படுக்கும்போது சரிபாதியா இருக்கும். காலையில பார்த்தா அக்கா பக்கம் போயிருக்கும். என்மேல ஓரம் மட்டும் கிடக்கும். ஆனா அந்த ஓரத்தை நான் விட்டதில்ல. போர்வை ரெண்டு பேரோடதுதான். அவ பக்கம் அதிகம், என் பக்கம் கம்மி."

தையல்காரியின் கண்கள் மின்னின. அவள் தோள் துண்டை எடுத்து மேசைமேல் விரித்து, நட்டநடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். ஒரு முனையை ஒட்டகத்திடமும் மறுமுனையைச் சத்தத்திடமும் கொடுத்தாள்.

"இழுங்க. விடக்கூடாது. கிழிக்கவும் கூடாது" என்று கையால் கட்டளையிட்டாள்.

இருவரும் சமமாக இழுக்கக் கோடு நடுவிலேயே நின்றது. "ரெண்டு ஹைட்ரஜன்" என்றாள் தையல்காரி. ஒட்டகத்தைப் பலமாக இழுக்கச் சொன்னாள். கோடு அவன் பக்கம் நகர்ந்தது. சத்தம் பல்லைக் கடித்துக்கொண்டு முனையை விடாமல் பிடித்திருந்தான். "தண்ணி." பிறகு சத்தத்தை முனையை விட்டுவிடச் சொன்னாள். துண்டு ஒட்டகத்தின் கையோடு போய்விட, அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். "உப்பு!" என்று மூவரும் ஒரே நேரத்தில் காட்டினார்கள். கீழ்த்தளத்திலிருந்து காவலாளி ஓடிவந்து, என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு துணி இல்லாமலே சைகை பிறந்தது. இரண்டு கையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணி ஓரத்தைக் கவ்வியதுபோலச் சேர்ந்திருக்க, ஒரு கை தன் பக்கம் இழுக்கும். மற்றக் கை பிடியை விடாமல் கொஞ்சம் கூடவே போகும். எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு வித்தியாசம். அவள் போட்டுக் காட்டிய முதல் வடிவத்தில் முகத்தைச் சுளித்துக் கஷ்டப்படுவதுபோலச் செய்தாள். தையல்காரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "முகம் வேண்டாம். அதுக்கு வலியும் இல்ல, சந்தோஷமும் இல்ல. கை மட்டும் போதும்." அவர்கள் மொழி, அவர்கள் சொன்னதுதான் சரி. அவள் முகத்தைத் துடைத்துவிட்டாற்போல வைத்துக்கொண்டு மறுபடி போட்டாள்.

கிளம்பும்போது சத்தம் கேட்டான். "உங்க அக்கா இப்ப எங்க?"

"தூரம்" என்று காட்டினாள். அந்தச் சைகைக்குக் கையை முன்னால் நீட்ட வேண்டும். எவ்வளவு தூரமோ அவ்வளவு. அவள் கை முழு நீளத்துக்கும் நீண்டு, அதற்கு மேலும் போக இடமில்லாமல் அங்கேயே நின்றது. சத்தம் நாற்காலியை, அவனால் முடிந்த அளவு மெதுவாக, உள்ளே தள்ளிவைத்துவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் பிள்ளைபோலக் காத்திருந்தாள். அக்கா கைபேசியில் தெரிந்து, காது மடலை இழுத்து இவளைக் கூப்பிட்டதும், வழக்கமான விசாரிப்புகளை முடிக்கக்கூட விடாமல் இவள் கதையை ஆரம்பித்தாள். ஆசிரியர், விடைத்தாள், சீப்பு, துண்டு, ஒட்டகம் விழுந்தது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். போர்வை என்றதும் மட்டும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பொய். இழுத்தது நீ."

"நானா? காலையில எல்லாம் உன்மேலதானே கிடக்கும்!"

"நீ உதைச்சுத் தள்ளுவ. நான் எடுத்து உன்மேல போடுவேன். திரும்ப உதைப்ப. கடைசியில நானே போத்திக்குவேன்."

இருவரும் மாறிமாறி அடித்துச் சொன்னார்கள். சாட்சி சொல்ல அம்மா இல்லை, அப்பா இல்லை. இத்தனை வருஷமாகத் தான் குளிரில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம் என்று நினைத்திருந்தது உண்மையா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது அக்காவுக்குப் பின்னால் கதவு திறந்தது. மாவு படிந்த மேலங்கியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். கீழ்த்தளத்தில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்கும். அக்காவுக்காகவும் மாமாவுக்காகவும் சைகை கற்றுக்கொண்டவள். அவள் அக்காவைப் பார்த்துத் தலைக்கு மேல் விரலைச் சுருள் சுருளாகச் சுழற்றினாள். அக்கா உடனே திரும்பினாள்.

"அது என்ன?" என்று இவள் கேட்டாள்.

"என் பேரு" என்றாள் அக்கா சாதாரணமாக. "சுருட்டை. இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

இவள் அக்காவுக்கு வைத்த பெயர் வேறு. முன்பல் இடுக்கை நகத்தால் தொட்டுக் காட்டுவது. அந்தப் பெயரைப் பிறந்த வீட்டில் தன்னைத் தவிர யாரும் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்பா பெயர் சொல்லிக் கத்துவார், அம்மா தோளைத் தட்டுவாள். அங்கே ஒரு தெருவே அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

ரொட்டிக்கடைக்காரி பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனதும் அவள் கேட்டாள். "எப்ப வர்ற?"

அக்காவின் கை "பார்ப்போம்" என்று எழுந்தது, பாதியில் நின்றது. பிறகு பழைய சைகைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வந்து பார்த்துட்டுப் போவேன். திரும்பி வந்து இருக்க மாட்டேன். நீ கேக்கறது அதுதானே? அங்க எனக்கு நீ ஒருத்திதான் இருந்த. நீ பள்ளிக்கூடம் போயிட்டா நான் சுவரைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். நீ தூங்கிட்டா எனக்குப் பேச ஆள் இல்ல. இங்க காலையில இறங்கினா ரொட்டிக்கடை, தபால்காரர், காது கேக்காதவங்க கிளப், எல்லா இடத்துலயும் கை இருக்கு. உனக்குப் புரியுதா?"

புரிந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. நல்லவேளை, இந்த மொழிக்குத் தொண்டை வேண்டாம்.

"என்னை நினைச்சுக்கிறியா?"

"நினைக்கிறேன்" என்றாள் அக்கா. "நீ என்னை நினைக்கிற அளவுக்கு இல்ல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நினைக்கிறேன். தினமும்."

யார் இப்படிச் சொல்வார்கள்? வேறு யாராவது சொல்லியிருந்தால் மனம் வெடித்திருக்கும். அக்காவுக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது. சின்ன வயதிலும் தெரியாது. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பேச்சே நின்றுபோகும் என்பதால் திருப்பவும் முடியாமல், அழுதுகொண்டே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருடைய கைகளும் மேசைமேல் சும்மா இருந்தன.

கணவன் மாலையில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவங்க வரலேன்னா நீ போயேன்" என்றான்.

"போய்? அவங்க பேசறது பாதி எனக்கே புரியாது. அங்க நான்தான் காது கேக்காதவ மாதிரி நிப்பேன்."

"அப்போ கத்துக்கோ. உனக்குத் தெரியாத பாடத்தை எல்லாம் ஊருக்குச் சொல்லிக் கொடுக்கிற. உனக்குத் தெரியாததை நீ கத்துக்கக் கூடாதா?"

அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமும் அக்காதான் பழைய சைகையைத் தேடிப் பிடித்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாளும் அந்தப் பக்கச் சைகை ஒன்றைத் தனக்குக் கற்றுக்கொடு என்று இவள் கேட்டதே இல்லை. கற்றுக்கொண்டால் அக்கா போய்விட்டது உறுதியாகிவிடும் என்ற பயமோ என்னவோ.

மறுதேர்வில் மூவரும் தேறினார்கள். ஆக்சிஜன் பக்கம் ஒதுங்கிய எலக்ட்ரான் ஜோடியைத் தையல்காரி படமாகவே போட்டிருந்தாள். அணுக்களுக்கு நடுவே மடிப்போடு ஒரு துணி. ஆசிரியர் அதற்கு முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் ஆச்சரியக்குறி ஒன்றும் இட்டிருந்தார். அதன் பிறகு அவர் பெரும்பாலும் வகுப்பைப் பார்த்தே பேசினார். பழக்கதோஷத்தில் திரும்பிவிட்டால் சத்தம் நாற்காலியை ஓர் இழுப்பு இழுப்பான். ஆனாலும் அவர் பெயர் "முதுகு" தான். ஒட்டிய பெயர் அவ்வளவு லேசில் உரியாது.

தையல்காரி வடிகட்டும் நிலையத்து ஆய்வுக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். வேறோர் ஊர்ப் பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தபோது, பேச்சுவாக்கில் அதே சைகையைப் போட்டார். எங்கே கற்றீர்கள் என்று இவள் கேட்டதற்கு, "எல்லாரும் போடறாங்களே, இது ரொம்பப் பழசாச்சே" என்றார். இவள் வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனாள்.

அக்காவிடமிருந்து இப்போது வாரத்தில் நடுநடுவே சின்னச் சின்னக் காணொளிகள் வரும். ஒன்றில் "சோப்பு". ஒன்றில் "மாடிப்படி". ஒன்றில் "பொறாமை". அக்கா அந்த நாட்டுச் சைகையைப் போட்டுக் காட்டிவிட்டு, புரிந்ததா என்று தலையைச் சாய்ப்பாள். இவள் பேருந்திலும் சமையலறையிலும் போட்டுப் பழகினாள். "தாமதம்" என்பதற்குப் பதில் "கழுதை" என்று போட்டு, அக்கா மாமாவையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்த நாளும் உண்டு. பள்ளிக்கூடத்துச் சைகைகளைச் சாயங்காலந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்த சின்ன அக்காவை அந்தச் சிரிப்பில் பார்க்க முடிந்தது. இதைவிடக் கிட்டே அவளைப் பார்க்க முடியாது என்றும் தெரிந்தது.

விசாவுக்கு எழுதிப் போட்டாள். முதல் தடவை மறுத்துவிட்டார்கள். மறுபடி போடலாம் என்று கணவன் சொன்னான், போட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிறு கைபேசியைச் சாய்த்துவைத்தபோது, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது ரொட்டிக்கடைக்காரி. அக்கா எட்டிப் பார்த்து, "இவகூடப் பேசு. நான் குறுக்கே வர மாட்டேன். பாத்திரம் கழுவணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். அந்த நாட்டுச் சைகையிலேயே சொன்னாள், இவளுக்குப் பிசகில்லாமல் புரிந்தது.

ரொட்டிக்கடைக்காரி மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல, உங்க ஊரில் இப்போது மழையா என்று கேட்டாள். மழைதான், காலையிலிருந்து விடவில்லை என்று இவள் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள். துணி காயவில்லை என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். அங்கே பனியாம். கதவைத் திறந்தால் மாவு முழுவதும் ஈரமாகிவிடுகிறதாம்.

திரையின் ஓரத்தில் அக்காவின் முழங்கை மட்டும் தெரிந்தது. சுருட்டிவிட்ட சட்டைக் கை, நுரை, மேலும் கீழும் போகிற அசைவு. இவள் பனியைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டாள். அதற்கும் பதில் வந்ததும் மாவைப் பற்றிக் கேட்டாள். தெரிந்த சொற்கள் எல்லாம் தீர்ந்துபோன பிறகும், கேட்டதையே வேறு மாதிரி கேட்டுக்கொண்டு, அந்த முழங்கையைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தாள்.